மணலிலிருந்து பிழிந்த தண்ணீர்: சியேனாவின் ஃபோன்தே காயா

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் சியேனா என்ற பழைய ஊர் மூன்று மலை முகடுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். மூன்று முகடுகளும் கூடும் இடத்தை ஒட்டிய பள்ளத்தில், சிப்பி வடிவில் விரிந்து கிடக்கிறது அதன் நடுச்சதுக்கமான பியாட்ஸா டெல் காம்போ. ஒன்பது கூறுகளாகப் பிரித்துச் செங்கல் பாவிய தரை, எதிரே இருக்கும் நகர மன்ற மாளிகையை நோக்கிச் சரிகிறது. சரிவின் மேல் விளிம்பில், மூன்று பக்கம் பளிங்குச் சுவர் கொண்ட ஒரு செவ்வகத் தொட்டி. அதுதான் ஃபோன்தே காயா. பெண் ஓநாய்ச் சிலைகளின் வாயிலிருந்து தண்ணீர் மெல்லிய தாரையாக விழுகிறது. புறாக்கள் ஓநாயின் தலைமேல் நின்று குனிந்து குடிக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் இதைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அவர்கள் கேட்காமல் போகும் கேள்வி ஒன்று உண்டு. மலை உச்சியில் இருக்கும் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சியேனாவுக்கு ஆறு கிடையாது. அதன் பரம எதிரியான ஃபிளாரன்ஸுக்கும், கடலோரப் பீசாவுக்கும் ஆர்னோ ஆறு இருந்தது. ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை சியேனா வழியாகப் போனதால் வணிகமும் வட்டித்தொழிலும் அங்கே செழித்தன. பணத்துக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். 1348-ல் கொள்ளைநோய் வருவதற்கு முன் ஏறத்தாழ 50,000 பேர் அங்கே வாழ்ந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மின்சாரமோ பம்போ இல்லாத காலத்தில், ஆறில்லாத மலைமுகட்டில் அத்தனை பேருக்கும், அவர்களுடைய குதிரைகளுக்கும், கம்பளி துவைப்பவர்களுக்கும், சாயம் போடுபவர்களுக்கும், தோல் பதனிடுபவர்களுக்கும் தண்ணீர் வேண்டும்.

சியேனாவின் விடை காலடியிலேயே இருந்தது. அந்த முகடுகள் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தவை. சுமார் 50 லட்சத்திலிருந்து 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிளியோசீன் என்று புவியியலாளர் குறிக்கும் காலத்தில், இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. ஆழமான அமைதியான நீரில் நுண்ணிய களிமண் படிந்தது. பிறகு கடல் ஆழம் குறைந்து கரை நெருங்கியபோது களிமண்ணின் மேல் மணல் படிந்தது. நிலம் மேலெழும்பிக் கடல் விலகியதும் இந்த இரண்டு அடுக்குகளும் மலைகளாக நின்றன. மேலே மஞ்சள் மணல், சில இடங்களில் சுண்ணாம்பால் இறுகி மணற்கல்லாக. கீழே சாம்பல் நீலக் களிமண். மணலைச் சுரண்டினால் இன்றும் கடற்சிப்பிகள் கிடைக்கும்.

மணல் தண்ணீரை உள்ளே விடும். களிமண் விடாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியின்றி அங்கேயே தேங்குகிறது. இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் மட்டத்தில், மலைச்சரிவு வெட்டிச் செல்லும் இடங்களில், அது ஊற்றாக வெளியே வருகிறது. சியேனாவின் மிகப் பழைய ஊற்றுகள் எல்லாமே ஊருக்குக் கீழே பள்ளத்தாக்குகளின் தலைமாட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஃபோன்தெபிராண்டா என்ற பேரூற்றைப் பற்றி 1081-லேயே எழுத்துச் சான்று உண்டு. 1193-ல் அதை விரிவாக்கினார்கள், 1246-ல் மறுபடி கட்டினார்கள். கோட்டை போன்ற வளைவுகளுடன் இன்றும் நிற்கிறது. ஆனால் மேலே வீடு, கீழே ஊற்று. குடத்தோடு இறங்கி, நிறைகுடத்தோடு செங்குத்தான தெருவில் ஏற வேண்டும்.

சியேனா மக்கள் இதோடு திருப்தி அடையவில்லை. ஊருக்கு அடியில் டயானா என்ற பெயரில் ஒரு நதியே ஓடுகிறது என்று நம்பித் தேடினார்கள். அதற்குச் செலவழித்த பணத்தை எண்ணித் தாந்தே தன் பெருங்காவியத்தின் 'புர்கத்தோரியோ' பகுதியில் அவர்களைக் கேலி செய்திருக்கிறார். நிலத்தடியில் நதி ஓடுவது சுண்ணாம்புப் பாறை நாட்டில் நடக்கும். அங்கே தண்ணீர் பாறையைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கிக்கொண்டு அவற்றின் வழியே ஓடும். மணலில் அப்படி வெற்றிடம் நிலைக்காது. மணலுக்குள் இருக்கும் தண்ணீர், துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் பரவிக் கிடக்கிறது. எங்கே தோண்டினாலும் கொஞ்சம் கிடைக்கும், எங்கே தோண்டினாலும் நிறையக் கிடைக்காது. டயானா கிடைக்கவே முடியாத நதி. ஆனால் தேடியவர்கள் முட்டாள்கள் இல்லை. தோண்டத் தோண்டச் சுவர் கசிவதைக் கண்டவர்கள், கசிவையே அறுவடை செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த அறுவடைக் களங்களுக்குப் பொத்தீனி என்று பெயர். ஊரின் அடியிலும் மதிலைத் தாண்டி வடக்கே ஃபோன்தெபெச்சி போன்ற ஊர்ப்புறங்களின் அடியிலும் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு மணற்கல்லைக் குடைந்து அமைத்த சுரங்கங்கள். சராசரி உயரம் 1.75 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர். ஒரு ஆள் நிமிர்ந்தோ சற்றுக் குனிந்தோ நடக்கலாம், இரண்டு பேர் எதிரெதிரே கடப்பது சிரமம். மண் உறுதியாக இருந்த இடத்தில் வெறும் குடைவு, தளர்வாக இருந்த இடத்தில் செங்கல் வளைவு. கூரையிலும் சுவரிலும் துளிர்க்கும் கசிவு, தரையின் நடுவே வெட்டிய கொரெல்லோ என்ற குறுகிய வாய்க்காலில் சேர்ந்து ஓடுகிறது. ரோமாபுரி கட்டிய நீர்ப்பாலங்களிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. ரோமானியக் கால்வாய் தொலைவிலுள்ள ஒரு ஊற்றின் நீரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சியேனாவின் சுரங்கமோ தானே ஊற்றாகவும் தானே கால்வாயாகவும் இருக்கிறது. வழிநெடுக நீர் சேருவதால், சுரங்கத்தின் நீளமே அதன் கொள்முதல்.

ஏன் 25 கிலோமீட்டர் வரை போக வேண்டியிருந்தது என்பதை விளக்கும் விதி ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, அதுவும் ஊர் நீரூற்றுகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில்தான் பிறந்தது. பிரான்ஸின் டிஜோன் நகருக்கு நீர் வழங்கிய பொறியாளர் ஹென்றி டார்சி, 1856-ல் அந்த நகரின் பொது நீரூற்றுகளைப் பற்றி நூல் எழுதினார். அதன் பின்னிணைப்பில், மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீரை விட்டுப் பார்த்த சோதனைகளைப் பதிவு செய்தார். மணலின் வழியே போகும் நீரின் அளவு, இரு முனைகளுக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசத்துக்கும் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் நேர்விகிதத்திலும், கடக்க வேண்டிய தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும் என்பது அவர் கண்டது. நிலத்தடி நீரியல் முழுவதும் இன்று இந்த டார்சி விதியின் மேல் நிற்கிறது. சியேனாவில் மட்ட வித்தியாசத்தை விருப்பம்போல் கூட்ட முடியாது, மலை எவ்வளவோ அவ்வளவுதான். மணலின் ஊடுருவு தன்மையையும் மாற்ற முடியாது. மனிதன் கையில் இருப்பது பரப்பு மட்டுமே. சுரங்கத்தை நீட்ட நீட்டக் கசியும் சுவரின் பரப்பு கூடுகிறது. விதியை எழுதத் தெரியாதவர்கள் குந்தாலியால் அதையே செயல்படுத்தினார்கள்.

மணல் தண்ணீரை மெதுவாக விடுவதில் நன்மையும் உண்டு. இன்று பெய்த மழை நாளைக்கே சுரங்கத்துக்கு வந்துவிடாது. மாதக்கணக்கில் மணலுக்குள் இறங்கி வரும். குளிர்காலத்து மழை கோடையில் துளிர்க்கும். மணல் அடுக்கு வடிகட்டியாகவும் சேமிப்புக் கிடங்காகவும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. ஆனால் ஓராண்டு மழை பொய்த்தால் அதன் விளைவு, எல்லோரும் மறந்த பிறகு வந்து சேரும்.

பொத்தீனியில் என்னை மிகவும் அசத்துவது அதன் வாட்டம். ஆயிரத்துக்கு ஒன்று. அதாவது ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம், ஒரு மீட்டர் போனால் ஒரு மில்லிமீட்டர். குளியலறைத் தரைக்கு வாட்டம் கொடுக்கக் கொத்தனார் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காம்போ சதுக்கம் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் சேரும் வடக்குப் பகுதிகள் அதைவிட அதிகம் உயர்ந்தவை அல்ல. வாட்டம் கூடினால் கையிலிருக்கும் உயரம் பாதி வழியிலேயே செலவாகிவிடும், சுரங்கம் சதுக்கத்துக்குக் கீழே போய் முடியும். தண்ணீரும் வேகமெடுத்து மணற்கல்லை அரிக்கும். வாட்டம் குறைந்தால் நீர் தேங்கும், வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும். இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவே இருக்கும் பாதை மிகவும் ஒடுக்கமானது.

அதை இருட்டில், எண்ணெய் விளக்கொளியில், தூக்குக்குண்டு கட்டிய மட்டக்கருவியையும் தண்ணீரின் சொந்த மட்டத்தையும் நம்பிச் சாதித்தார்கள். இடையிடையே மேலிருந்து செங்குத்துக் கிணறுகளை இறக்கினார்கள். தோண்டிய மண்ணை வெளியேற்றவும், காற்று வரவும், திசை தவறாமல் பார்க்கவும் அவை உதவின. நீரோட்டத்தின் நடுவே வண்டல் படிவதற்கான தொட்டிகள் உண்டு. தண்ணீர் அகலமான தொட்டிக்குள் வந்ததும் வேகம் குறையும், சுமந்துவந்த மணல் அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலாக வழிந்து அடுத்த வாய்க்காலில் இறங்கும். இன்றைய நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே கொள்கைதான்.

இரண்டு முக்கியச் சுரங்கங்கள். பழையது தாழ்வான மட்டத்தில் ஃபோன்தெபிராண்டாவுக்குப் போகிறது. புதியது அதைவிட உயர்ந்த மட்டத்தில் காம்போவுக்கு வருகிறது. நகரத்தின் பெருமைக்குரிய சதுக்கத்தில் ஒரு நீரூற்று வேண்டும் என்ற ஆசையே இரண்டாவதைத் தோண்ட வைத்தது. 1287 முதல் 1355 வரை ஆண்ட ஒன்பதின்மர் அவை, 1330-களில் அந்த வேலையைத் தொடங்கி, 1340-களின் தொடக்கத்தில் சதுக்கத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஊரே கொண்டாடியது. காயா என்றால் மகிழ்ச்சி நிறைந்தவள். அந்தக் கொண்டாட்டமே பெயராகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சில ஆண்டுகளிலேயே, 1348-ல், கொள்ளைநோய் வந்து மக்கள்தொகையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது.

அந்த நீரூற்றைச் சுற்றி நடந்த ஒரு சம்பவத்தைச் சிற்பி கிபெர்த்தி எழுதி வைத்திருக்கிறார். சியேனாவில் மண்ணைத் தோண்டியபோது பழங்காலத்து வீனஸ் சிலை ஒன்று கிடைத்தது. கிரேக்கச் சிற்பி லிசிப்போஸின் பெயர் அதன் அடியில் இருந்ததாம். மக்கள் வியந்து அதை நீரூற்றின் மேல் நிறுத்தினார்கள். பிறகு போர்களில் தோல்வி மேல் தோல்வி வந்தது. சிலைதான் காரணம் என்று பழி எழுந்தது. 1357-ல் அதை இறக்கினார்கள். உடைத்து, துண்டுகளை எதிரியான ஃபிளாரன்ஸின் மண்ணில் புதைத்தார்கள் என்கிறார் கிபெர்த்தி. மணலின் குணத்தை அவ்வளவு பொறுமையாகப் படித்த ஒரு சமூகம், தோல்விக்கான காரணத்தைப் பளிங்கில் தேடியது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

1408-ன் கடைசியில் சியேனா நகர மன்றம் தன் ஊர்ச் சிற்பி யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சாவிடம் புதிய நீரூற்றுக்கான வேலையை ஒப்படைத்தது. 1419-ல் அது முடிந்தது. நடுவில் குழந்தையுடன் அன்னை மரியா, இருபுறமும் நற்பண்புகளின் உருவங்கள், ஆதாமின் படைப்பு, ஏதேனிலிருந்து வெளியேற்றம். இரு முனைகளிலும் ரோமின் தொன்மக் கதையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தனிச்சிலைகளாக நின்றார்கள். அந்த வேலைக்குப் பிறகு அவரை ஊற்றின் யாக்கோப்போ என்றே ஊர் அழைத்தது.

இன்று சதுக்கத்தில் நீங்கள் பார்ப்பது அவர் செதுக்கியது அல்ல. சியேனாவுக்கு மேற்கே உள்ள மொன்தாஞ்ஞோலா குன்றுகளின் பளிங்கில் அவர் செதுக்கியவை நான்கு நூற்றாண்டு வெயில் மழையில் அடையாளம் தெரியாத அளவு சிதைந்தன. 1858-ல் அவற்றைக் கழற்றி எடுத்தார்கள். தீத்தோ சர்ரொக்கி என்ற சிற்பி பத்தாண்டுகளில் பிரதி ஒன்றைச் செய்து நிறுத்தினார். முனைகளில் நின்ற இரண்டு பெண் சிலைகளை மட்டும் அவர் சேர்க்கவில்லை.

பளிங்கு ஏன் சிதைகிறது? பளிங்கு என்பது கால்சைட் படிகங்கள் நெருக்கமாகக் கோத்துக்கொண்ட கல். கால்சைட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சூடேறினால் ஒரு திசையில் விரியும், அதற்குச் செங்குத்தான திசையில் சற்றுச் சுருங்கும். கல்லுக்குள் படிகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் படுத்திருப்பதால், பகலில் வெயில் ஏறும்போதும் இரவில் குளிரும்போதும் பக்கத்துப் படிகங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, இழுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் பிணைப்பு தளர்கிறது. அந்த விரிசலுக்குள் தண்ணீர் புகுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்தால் கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் லேசான அமிலமாகப் படிகங்களின் விளிம்பைக் கரைக்கிறது. கடைசியில் தொட்டாலே பழைய வெல்லக்கட்டிபோல் உதிரும் கல்லாகிவிடுகிறது. எந்நேரமும் ஈரம் தெறிக்கும் நீரூற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இதே வேதியியல் நிலத்தடியில் திரும்பி ஓடுகிறது. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு கீழிறங்கும் மழைநீர், மணலில் புதைந்த கடற்சிப்பிகளின் சுண்ணாம்பைக் கரைத்துச் சுமந்து வருகிறது. சுரங்கத்தின் திறந்த காற்றைத் தொட்டதும் அந்த வாயு வெளியேறுகிறது. சுண்ணாம்பைப் பிடித்து வைத்திருக்கும் திறனைத் தண்ணீர் இழக்கிறது. கூரையிலிருந்து வெண்மையான ஊசிகள் தொங்குகின்றன, சுவரில் திரைபோல் படிகிறது, வாய்க்காலின் அடி கல்லாகத் தடிக்கிறது. இப்படியே விட்டால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டம் சில தலைமுறைகளில் காணாமல் போகும். அதனால் பொத்தினியேரி என்ற பராமரிப்பாளர்கள் தொடர்ந்து உள்ளே நடந்து படிவைச் சுரண்டினார்கள், தொட்டிகளைத் தூர்வாரினார்கள், விழுந்த வளைவுகளைக் கட்டினார்கள். வெட்டியவர்களின் வீரத்தைவிட, அடுத்த ஐந்நூறு ஆண்டுகள் சுரண்டியவர்களின் விடாமுயற்சியை நான் மேலாக மதிக்கிறேன்.

கிடைத்த கொஞ்சத்தைப் பங்கிட்ட விதமும் அறிவியலே. ஃபோன்தெபிராண்டாவில் மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் குடிநீர். அது வழிந்து இரண்டாவதில் விழும், அங்கே கால்நடைகள் குடிக்கும். அதுவும் வழிந்து மூன்றாவதில் விழும், அங்கே துணி துவைக்கலாம். மிச்சம் தோல் பதனிடுபவர்களுக்கும் சாயத் தொழிலாளிகளுக்கும் பள்ளத்தாக்கில் இறங்கி ஆலைச் சக்கரங்களுக்கும் போனது. ஒரு துளி நான்கைந்து வேலை செய்த பிறகே ஊரை விட்டுப் போனது. வரிசை மாறாத வரை மேலுள்ள தொட்டி அசுத்தமாகாது, ஏனென்றால் தண்ணீர் திரும்பி மேலே ஏறாது. அதையும் மீறி ஊற்றை அசுத்தப்படுத்தினால் அபராதம். 1347-ல் பிறந்த புனித கேதரின் இந்த ஊற்றை ஒட்டிய தெருவில் ஒரு சாயக்காரரின் மகளாக வளர்ந்தவர். தொழிலும் குடியிருப்பும் தண்ணீரைச் சுற்றியே அமைந்ததற்கு அவர் வீடும் ஒரு சாட்சி.

இந்தத் தட்டுப்பாடே சியேனாவைப் பொறியாளர்களின் ஊராக்கியது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மரியானோ தாக்கோலா, சியேனாவின் ஆர்க்கிமிடீஸ் என்று பெயரெடுத்தவர். நீர் இறைக்கும் பொறிகளையும் வடிகுழாய்களையும் படம் படமாக வரைந்து வைத்தார். அவருக்குப் பின் வந்த பிரான்செஸ்கோ தி ஜோர்ஜோ மார்த்தினி 1469-ல் இந்தச் சுரங்கங்களுக்கும் ஊற்றுகளுக்கும் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். அவருடைய கட்டடக்கலை நூலின் ஒரு கையெழுத்துப் படி லியோனார்தோ தா வின்சியிடம் இருந்தது. அதன் ஓரங்களில் லியோனார்தோ எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன.

இன்னொரு மலையூரான பெரூஜா வேறு வழியில் போனது. அங்கே நிக்கோலா பிசானோவும் அவர் மகன் ஜொவான்னியும் செதுக்கிய ஃபொன்தானா மஜ்ஜோரே என்ற பெருநீரூற்று 1278-ல் முடிந்தது. மொந்தே பச்சானோ என்ற குன்றிலிருந்து, நடுவிலுள்ள பள்ளத்தைத் தாண்டி, மூடிய குழாயில் அழுத்தத்தோடு தண்ணீரை ஏற்றினார் வெனிஸைச் சேர்ந்த பொறியாளர் போனின்சேஞ்ஞா. மூடிய குழாயில் தண்ணீர் தான் புறப்பட்ட உயரத்துக்குக் கிட்டத்தட்ட மறுபடி ஏறும் என்ற இயற்பியலே அதற்கு ஆதாரம். ஆனால் பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் குழாயின் மேல் சுமை ஏறும். அந்தக் காலத்துக் குழாய்களும் இணைப்புகளும் அதைத் தாங்கத் திணறின. பழுதும் செப்பனிடலும் தொடர்கதையாயின. துணிச்சல் என்று பார்த்தால் பெரூஜாதான் மேல். நம்பகத்தன்மையில் சியேனாவின் நிதானமான ஒரு மில்லிமீட்டர் வாட்டம் வென்றது என்பதே என் தீர்ப்பு.

20-ஆம் நூற்றாண்டில் தெற்கே உள்ள அமியாத்தா மலையின் ஊற்றுகளிலிருந்து குழாய்நீர் வந்தபின் சியேனாவின் குடிநீருக்குப் பொத்தீனி தேவைப்படவில்லை. ஆனாலும் அவை வற்றவில்லை. ஃபோன்தே காயாவில் விழும் தண்ணீர் இன்றும் அந்தச் சுரங்கத்திலிருந்துதான் வருகிறது. லா டயானா என்ற தன்னார்வலர் சங்கம் சுரங்கங்களைப் பேணுவதில் ஈடுபட்டிருக்கிறது. தாந்தே கேலி செய்த அந்த நதியின் பெயரையே அவர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சியேனாவுக்குப் போனால், காம்போவில் படமெடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஃபோன்தெபிராண்டாவரை இறங்கி, குடம் தூக்கியவர்கள் ஏறிய தெருவில் நடந்தே மேலே வாருங்கள். நகரின் தலைமைத் தேவாலயத்தின் எதிரே உள்ள சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற பழைய மருத்துவமனை இப்போது அருங்காட்சியகம். யாக்கோப்போவின் உதிர்ந்த மூலச்சிலைகள் அங்கே இருக்கின்றன, அவசியம் பாருங்கள். பொத்தீனிக்குள் போகக் குறைந்த எண்ணிக்கையிலேயே ஆட்களை அழைத்துச் செல்கிறார்கள், அதனால் புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பெஸ்காயா ஊற்றில் அமைந்த தண்ணீர் அருங்காட்சியகத்துக்காவது போய் வாருங்கள்.